சூரியனில் தொடங்கும் பரம்பரையும் நம் பாட்டன் பெயரும்

'நாங்களும் ஆண்ட பரம்பரைதான்' என்று நம் பிள்ளைகள் சிலர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடத் தொடங்கியிருக்கிறார்கள். கூடவே வாள், குதிரை, ஒரு மன்னனின் படம். அவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் வம்சாவளி என்பது எதற்காக எழுதப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு பிறகு ஆசைப்படுவோம்.

நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது திருவாலங்காடு. அங்கே 1905இல் கிடைத்த செப்பேடுகள் மொத்தம் 31. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தவை. அதன் வடமொழிப் பகுதியில் மட்டும் 271 வரிகள். சோழர் குலம் அதில் சூரியனிலிருந்து தொடங்குகிறது. பிறகு மனு, இட்சுவாகு, சிபி, அப்புறம் கரிகாலன், கோச்செங்கணான் என்று வந்து, விசயாலயனில்தான் வரலாற்றுத் தரையைத் தொடுகிறது. இத்தனை தாத்தாக்களையும் அடுக்கி முடித்தபின் வருகிற விசயம் என்ன? பழையனூர் என்ற ஊர் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுக்கப்படுகிறது. எல்லை, வரி, யார் என்ன செலுத்த வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பின்னால். அதாவது அது ஒரு நிலப் பத்திரம். சூரியன் அதில் சாட்சிக் கையெழுத்து.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஐரோப்பாவில் ஃபிராங்கு நாட்டில் அரண்மனை நிர்வாகியாக இருந்த ஒரு குடும்பம், 751இல் பழைய மெரோவிங்கிய மன்னனை இறக்கிவிட்டு அரியணையில் உட்கார்ந்தது. அந்தக் குடும்பத்தின் சார்லமேன் 800இல் ரோமில் பேரரசனாக முடிசூடினான். அதற்குப் பிறகுதான், 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மெட்சு நகரத்துத் திருச்சபை வட்டாரத்தில் ஒரு வம்சாவளி எழுதப்படுகிறது. குடும்பத்தின் மூதாதையான ஆயர் ஆர்னுல்ஃபுக்கு மேலே அன்ஸ்பெர்ட் என்றொருவரை வைத்து, அவருக்கு மெரோவிங்கிய மன்னன் குளோத்தாரின் மகள் பிளிதில்டைக் கல்யாணம் செய்துவைக்கிறார்கள். அப்படியொரு மகள் இருந்ததற்கு அந்தக் காலத்துச் சான்று ஏதுமில்லை. இட்டுக்கட்டியது என்றே வரலாற்றாய்வாளர்கள் கருதுகிறார்கள். பறித்த நாற்காலிக்குப் பழைய ரத்தம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். முதலில் பதவி, பிறகு பாட்டன். எங்கும் இதே வரிசை.

இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளை வாசித்தால் நாமும் அதில் இருக்கிறோம். கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி நீக்கிய இடங்களைச் சொல்லும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று வருகிறது. சேரி இருக்கிறது, சேரியில் இருந்தவரின் பெயர் இல்லை. பழவேற்காட்டுக்கு வாருங்கள், அங்கும் இதே கதை. 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை மண்மேடாகிவிட்டது. ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. கல்லில் பெயர், பதவி, மனைவி பெயர், குடும்பச் சின்னம் எல்லாம் அழகாகச் செதுக்கியிருக்கிறது. இதே துறையிலிருந்து அடிமைகளாகப் பட்டேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட ஆயிரக்கணக்கான மனிதர்களுக்கு ஒரு கல்கூட இல்லை. யாருடைய தாத்தாக்கள் அவர்கள்?

பழைய கதை என்று விட முடியவில்லை. ஏரியில் இன்றும் பிறப்புதான் வலை போடுகிறது. 'பாடு' முறை உங்களுக்குத் தெரியும். முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இறால் பாடுகளில், பட்டினவர் குப்பங்களில் பிறந்து உரிமை பெற்ற ஆண்கள் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். அது அவர்களுக்குள் சமத்துவமான ஏற்பாடு, மறுக்கவில்லை. அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கும் நம் தலித் மக்களும் இருளர்களும், எளாவூர்ப் பக்கத்துக் கிராமங்கள் வரை, இடுப்பளவு சேற்றில் கையால் துழாவித்தான் இறால் பிடிக்கிறார்கள். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்க்கும்போது நாம் எல்லோரும் ஒரே மீனவர்கள். போராட்டப் பந்தலைப் பிரித்ததும் பாடு யாருக்கு என்று கேட்டால், உன் அப்பா யார் என்ற கேள்வி திரும்ப வருகிறது.

அரசு அலுவலகத்திலும் அதே கேள்விதான். இருளர் பிள்ளைக்கு பழங்குடிச் சான்றிதழ் கேட்டுக் கோட்டாட்சியரிடம் போனால், அப்பாவின் சான்றிதழ் எங்கே என்கிறார்கள். அப்பா பள்ளிக்கே போகாதவர். சோழனுக்கு சூரியன் வரை தாத்தாவை எழுதிக்கொள்ள முடிந்தது. நம் பிள்ளைக்கு ஒரு தலைமுறைக் காகிதம் இல்லாததால் ஹாஸ்டல் இடம் போகிறது.

நிலமும் அப்படித்தான் போனது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. முதல் பத்தாண்டு விற்கக் கூடாது, அதன்பிறகும் நம் மக்களுக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. பொன்னேரிப் பக்கமெல்லாம் அன்று செங்கல்பட்டு ஜில்லாதான். அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறதென்று ஊருக்கு ஊர் தெரியும். கேட்டதற்காக 1994இல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள்.

ஆகவே தம்பி, தங்கைகளே, மன்னர்களிடம் பாட்டன் கேட்டு நிற்க வேண்டாம். நமக்கு வேண்டிய வம்சாவளி வேறு. இந்த விடுமுறையில் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு உங்கள் தெருவில் மூத்த கிழவியிடம் உட்காருங்கள். கிழவர்கள் ஆண்களின் பெயரை மட்டும் சொல்வார்கள். எந்த மகளை எந்த ஊரில் கொடுத்தார்கள் என்பது கிழவிக்குத்தான் தெரியும். யார் யாருக்குப் பிறந்தவர், எந்த நிலத்தில் உழுதார், அந்த நிலத்துக்கு ஊர்க்காரர் சொல்லும் பெயர் என்ன, எப்போது கை மாறியது, எல்லாவற்றையும் தேதியிட்டு எழுதுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேட்டைப் பார்த்து சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பதிவேட்டின் நகலுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், கட்டணம் பத்து ரூபாய். பதில் வந்ததும் நோட்டில் இருக்கும் பெயரையும் பதிவேட்டில் இருக்கும் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிழவிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், சீக்கிரம் போங்கள்.