முப்பது சீட்டும் நானூறு பாட்டும்

'சீட்டு' என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இன்றும் நல்ல பெயரில்லை. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் கைபேசியில் ஆழ்ந்திருக்கும் கல்லூரி மாணவர் சீட்டாடுகிறார் என்று தெரிந்தால், பக்கத்து இருக்கைப் பெரியவர் முகம் சுளிப்பார். ரம்மியால் கெட்ட குடும்பங்களின் கதைகளைக் கேட்ட தலைமுறைக்கு அந்த அச்சம் இயல்பே. ஆயினும் அம்மாணவர்களுள் சிலர் ஆடுவது வேறொரு வகைச் சீட்டு. அதில் கட்டு ஆயத்தமாக வருவதில்லை. ஆடுபவரே தாம் சேர்த்துவைத்த சீட்டுகளிலிருந்து தேர்ந்து அமைக்க வேண்டும். மாணவர் நாவில் அது 'டெக்'. அதைக் கட்டக் கற்பது படிப்புக்குப் பகையன்று, படிப்பில் ஒரு வகை என்பதே நம் கருத்து.

காகிதச் சீட்டுகளில் இவ்வகை ஆட்டத்தை 1993இல் தொடங்கிவைத்தது, ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் கணித அறிஞர் வகுத்த 'மேஜிக்: தி கேதரிங்'. 2014இல் வெளிவந்த 'ஹார்த்ஸ்டோன்' இதனைத் திரையில் பரவலாக்கியது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுகள் காட்சிப் பிரிவாக இடம்பெற்றபோது, குஜராத்தின் பூஜ் நகரைச் சேர்ந்த தீர்த் மேத்தா ஹார்த்ஸ்டோனில் வெண்கலம் வென்றார்.

அவ்வாட்டத்தில் கட்டுக்கு வழக்கமாக 30 சீட்டுகள். ஒரே சீட்டை இரண்டுக்கு மேல் வைக்கலாகாது. 'லெஜண்டரி' என்னும் உயர்வகையாயின் ஒன்றே. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு விலை உண்டு. அதைச் செலுத்தும் ஆற்றல் முதற்சுற்றில் 1, அடுத்ததில் 2 என ஏறி 10இல் நிற்கும். புதியவர் வலிய சீட்டுகளையெல்லாம் அள்ளிச் சேர்ப்பார். கை நிறையச் சீட்டிருந்தும் முதற்சுற்றுகளில் ஒன்றையும் இறக்க இயலாமல் தோற்பார். கல்வி அங்கேதான் தொடங்குகிறது. 'எது நல்ல சீட்டு?' என்ற கேள்வி, 'இந்தக் கட்டில் இதற்கு என்ன வேலை?' என்று மாறுகிறது.

கணக்கும் கூடவே வரும். முதலில் ஆடுபவருக்குத் தொடக்கத்தில் 3 சீட்டுகள் கிட்டும். ஒற்றைச் சீட்டாக வைத்த ஒன்று அம்மூன்றில் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் 10. இரட்டையாக வைத்தால் ஏறத்தாழ 19. 2022இல் வந்த 'மார்வெல் ஸ்னாப்' ஆட்டத்திலோ கட்டே 12 சீட்டுதான். வழக்கமான ஆறு சுற்றுகளில் 9 சீட்டுகள் கைக்கு வந்துவிடும். அங்கே ஒரு சீட்டை நம்பிக் கட்டலாம். இங்கே ஒரே வேலைக்குப் பல சீட்டுகள் வேண்டும்.

தமிழ் பயின்றோர்க்கு இது புதிதன்று. நம்மிடம் 'தொகை' என்னும் பழஞ்சொல் இருக்கிறது. அகநானூற்றின் வைப்புமுறையைப் பாருங்கள். ஒற்றைப்படை எண்ணுள்ள 200 பாடல்களும் பாலை. 2, 8 என முடியும் 80 குறிஞ்சி. 4இல் முடியும் 40 முல்லை. 6இல் முடியும் 40 மருதம். பத்தின் மடங்கான 40 நெய்தல். அடிவரையறை 13 முதல் 31. எட்டடிக்குள் அமைந்த குறுந்தொகைப் பாட்டு எத்துணை உயர்ந்ததாயினும் அதற்கு அங்கே இடமில்லை. சிறந்தவற்றைக் குவித்தால் தொகை ஆகாது. எல்லையை ஏற்று, ஒன்றுக்கொன்று உறவறிந்து வைப்பதே தொகை.

ஆனால் நம் மாணவர் பலர் கட்டுவதில்லை. வென்றவரின் பட்டியலை இணையத்தில் தேடி, அதன் குறியீட்டைப் படியெடுத்து ஒட்டிவிடுகின்றனர். தேர்வுக்கு முதல்நாள் சேலையூர்ப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வாங்கும் 'நோட்ஸ்' எப்படியோ, இதுவும் அப்படியே. வினா சற்றுத் திரும்பினால் விடை கைவிடும். ஹார்த்ஸ்டோனின் 'ஸ்டாண்டர்டு' வகையில் 2016 முதல் ஆண்டுதோறும் பழைய சீட்டுத்தொகுதிகள் விலக்கப்படுகின்றன. பட்டியலும் அவற்றோடு பயனற்றுப் போகிறது. பிறர் பட்டியலைப் படிக்கவே கூடாதென்பதில்லை. உரையாசிரியரைப் படிப்பதுபோல் படிக்கலாம். ஒரே ஒரு சீட்டை மாற்றி, இருபது ஆட்டம் ஆடி, எங்கே வென்றோம், எங்கே தடுமாறினோம் எனக் குறித்துவைத்தால் அந்தக் கட்டின் உட்பொருள் விளங்கும்.

பெற்றோரின் அச்சத்தில் உண்மையே இல்லையா? உண்டு; ஆனால் அது கட்டுவதில் இல்லை, வாங்குவதில் இருக்கிறது. உள்ளே என்ன என்று தெரியாமல் காசு கொடுத்துப் பிரிக்கும் ஐந்து சீட்டுப் பொதியில் சூதின் சாயல் இருக்கிறது. வேண்டாத லெஜண்டரியைக் கரைத்தால் 400 துகள். வேண்டியதை ஆக்க 1600. நான்கை இழந்து ஒன்றைப் பெறும் வாணிகம் இது! 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து, மின்விளையாட்டை வேறாகப் பிரித்தது. பொதி வாங்கும் ஆசைக்கு வீட்டில்தான் வேலி வேண்டும். இருக்கும் சீட்டைக் கொண்டு கட்டு என்பதே அவ்வேலி. குறைந்த சீட்டுகளே நல்லாசான்.

ஆகவே பெற்றோரும் நம்மையொத்த ஆசிரியரும் கைபேசியைப் பிடுங்குமுன் ஒரு வினா கேட்கலாம்: "இந்தச் சீட்டை ஏன் வைத்தாய்?" காரணம் சொல்லத் தெரிந்த மாணவர் கற்றுக்கொண்டிருக்கிறார். தெரியாதவருக்கு நாம் கற்பிக்க வேண்டியது இன்னும் இருக்கிறது.