வீட்டோடு வருவது எது?



பட்டணத்தில் பல ஆண்டுகள் ஒற்றை அறையில் வாடகைக்குக் குடியிருந்து, ஊரிலுள்ள நிலத்தை விற்றும் வங்கியில் கடன் பெற்றும் ஒரு குடும்பம் பழைய அடுக்குமாடி வீடொன்றை வாங்குகிறது. மும்பையிலும் பெங்களூரிலும் நம்மில் பலர் கடந்துவந்த பாதைதான் இது. வீடு பார்க்கச் சென்ற நாளில் கூடத்தில் மின்விசிறிகள் சுழன்றன. குளியலறையில் கெய்சர் இருந்தது. சமையலறைச் சுவர் முழுவதும் அலமாரிகள் இருந்தன. பத்திரம் பதிவான பின் கதவைத் திறந்தபோதோ, கூரையில் கொக்கிகளும் சுவரில் ஆணித் துளைகளுமே மீதி. கையிருப்பெல்லாம் பதிவுச் செலவில் கரைந்திருந்த வேளையில் மறுபடியும் கடன்! “வீட்டைத்தானே விற்றேன், சாமான்களையா விற்றேன்?” என்று விற்றவர் கேட்டால் நாம் என்ன சொல்ல முடியும்?

1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 8-ஆம் பிரிவில் இதற்கு ஓரளவு விடை தருகிறது. வீடு கைமாறும்போது அதன் பூட்டுகள், சாவிகள், கதவுகள், ஜன்னல்கள் ஆகியவையும், வீட்டோடு நிரந்தரமாகப் பயன்படுத்துவதற்கென்று அமைக்கப்பட்ட மற்றப் பொருட்களும், வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், வாங்குபவரையே சேரும். கட்டில், மேஜை, திரைச்சீலை போன்றவை விற்பவருடையவை. இவற்றில் ஐயமில்லை.

வழக்கு வருவதெல்லாம் நடுவிலுள்ள பொருட்களால்தான். மின்விசிறி, கெய்சர், ஏ.சி., மாடுலர் கிச்சன் ஆகியவை யாருக்கு? நீதிமன்றங்கள் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றன. பொருள் எவ்வளவு உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்கிறது? எந்த நோக்கத்தோடு பொருத்தப்பட்டது? 1872-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கில் நீதிபதி பிளாக்பர்ன் எளிய உதாரணம் ஒன்றைக் கூறினார். சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல் அடுக்கி எழுப்பிய மதில் நிலத்தின் பகுதியாகிவிடும். அதே கற்கள் கட்டடப் பொருள் வைக்கும் முற்றத்தில் அடுக்கப்பட்டிருந்தால் அவை அசையும் பொருட்களே. ஆணியும் சாந்தும் மட்டுமல்ல, நோக்கமும் கணக்கில் வருகிறது.

இதன்படி சுவருக்குள் கட்டிய அலமாரி வீட்டைச் சேர்ந்தது எனலாம். திருகாணிகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் ஏ.சி.யை விற்பவர் தமது என்று வாதிடலாம். மின்விசிறிக்கு இரு பக்கமும் வாதம் உண்டு. ஆனால் ஒரு கெய்சருக்காக வழக்காடினால் செலவு அதன் விலையை மிஞ்சிவிடும். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே பேசி எழுதிக்கொள்வதே ஞானமான வழி.

விற்பனை ஒப்பந்தத்தில் இரண்டு பட்டியல்களைச் சேருங்கள். வீட்டோடு விடப்படுபவை ஒன்று. விற்பவர் கொண்டுபோகிறவை மற்றொன்று. “மின்விசிறி 4, கெய்சர் 1” என்று எண்ணிக்கையும் அறையும் குறிப்பிடுங்கள். புகைப்படம் எடுத்து வையுங்கள். பதிவுக்கு முந்தின நாள் வீட்டை மறுபடியும் சென்று பாருங்கள். ஒப்பந்த நாள் முதல் ஒப்படைக்கும் நாள் வரை வீட்டைக் கவனமாகப் பாதுகாப்பது விற்பவரின் கடமை என்று அச்சட்டத்தின் 55-ஆம் பிரிவு கூறுகிறது.

முத்திரைத் தீர்வையைக் குறைப்பதற்காகச் சாமான்களின் விலையை உயர்த்தி, வீட்டின் விலையைத் தாழ்த்தி எழுதச் சிலர் ஆலோசனை கூறுவார்கள். அதற்கு இணங்க வேண்டாம். உண்மையான விலையைத் தனியே எழுதுவது தவறல்ல. பொய்யான விலை தீர்வை ஏய்ப்பாகும்.

வாடகைக்கு இருப்போரும் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. வேறு உடன்படிக்கை இல்லாதபோது, தாங்கள் பொருத்தியவற்றை வீட்டை விட்டு வெளியேறுவதற்கு முன் கழற்றிக்கொள்ள 108-ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால் வீட்டைப் பெற்றுக்கொண்ட நிலையிலேயே திருப்பி ஒப்படைக்க வேண்டும். எனவே குடித்தனக்காரர் இருக்கும் வீட்டை வாங்கும்போது, ஏ.சி. யாருடையது என்று அவரையும் கேட்டுவிடுங்கள்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாங்க வந்தவர் தம் கண்ணால் கண்டவற்றை வைத்தே விலைக்கு ஒப்புக்கொண்டார். தாயார் அமர்ந்திருந்த கூடத்து ஊஞ்சலைப் பிரிய மனமில்லையா? அதில் குற்றமில்லை. வீட்டைக் காட்டும் முதல் நாளிலேயே, “இது எங்களோடு வரும்” என்று சொல்லிவிடுங்கள்.