ராஸ் தீவின் குளத்தை இடிபாடாகவே காப்போம்

அந்தமானின் போர்ட் பிளேரில், எங்கள் டெய்ரி ஃபார்ம் பகுதிக்கு ஊர்க்காரர் யாராவது விருந்துக்கு வந்தால், அபர்தீன் துறையில் போட் ஏற்றி ராஸ் தீவுக்கு அழைத்துப் போவது வழக்கம். மான், மயில், ஆலும் அத்தியும் வேர்விட்டுப் பற்றிய தேவாலயச் சுவர் எல்லாம் படத்தில் விழும். வெள்ளை அதிகாரிகளுக்காகக் கட்டிய நீச்சல் குளத்தைப் பற்றிப் பேச்சே எழாது. என்னைக் கேட்டால், தீவில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். 1858 மார்ச்சில் பிரிட்டிஷாரின் தண்டனைக் குடியேற்றத்தை அமைக்க டாக்டர் வாக்கர் இருநூறு கைதிகளோடு போர்ட் பிளேருக்கு வந்தார். காட்டை வெட்டியதும் கல்லும் செங்கல்லும் சுமந்ததும் கைதிகள். அந்த உழைப்பின் மேல்தான் ராஸில் கிளப், டென்னிஸ் மைதானம், ரொட்டிக்கூடம், குளம் எல்லாம் எழுந்தன. அதே துறைமுகத்துக்குள் இருக்கும் வைப்பர் தீவில் சங்கிலியும் தூக்குமரமும். யாழ்ப்பாணத்துக் கீரிமலையிலும் கடலோரத்தில் கேணி உண்டு. ஆடி அமாவாசைக்கு ஊரே அதில் இறங்கும். ராஸின் குளமோ ஆள்வோரின் உடம்புக்கு மட்டும். தண்டனைத் தீவின் ஏற்றத்தாழ்வை இவ்வளவு அப்பட்டமாகச் சொல்லும் கட்டடம் வேறில்லை.

குழாய்த் தண்ணீர் கோடையில் முறை வைத்து வரும் ஊரில், வெள்ளைக்காரன் குளித்த தொட்டிக்குச் செலவா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் கேட்பது புதுப்பிப்பு அல்ல. டைல்ஸ் ஒட்டி, நீலச் சாயம் பூசி, சுற்றுலாக் குளமாக்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். உண்மையில் பணம் தின்பது அதுதான். சிமென்ட் பூச்சு பழைய செங்கல்லுக்குப் பகை. உள்ளே புகுந்த கடல் உப்பும் ஈரமும் வெளியேற வழியின்றி, உப்பு படிகமாகிச் செங்கல்லையே உதிர்த்துவிடும். சுண்ணாம்புச் சாந்து மூச்சுவிடும், செலவும் மிதம். வேர்களையும் கண்டபடி வெட்டக் கூடாது. பல சுவர்கள் அவற்றின் பிடியில்தான் நிற்கின்றன. சான் பிரான்சிஸ்கோவில் 1896-இல் திறந்த சூட்ரோ கடல்நீர்க் குளியலகம் 1966-இல் எரிந்தது. அதைத் திரும்பக் கட்டாமல் இடிபாடாகவே விட்டுவைத்தார்கள். பார்க்கிறவர் கூட்டம் குறையவில்லை.

1941 ஜூன் நிலநடுக்கமும் மறு ஆண்டு ஜப்பானியர் வருகையும் ராஸிலிருந்து நடந்த பிரிட்டிஷ் ஆட்சியை முடித்துவைத்தன. 1979 முதல் தீவு கடற்படையின் பொறுப்பில். அவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை: குளத்தை அளந்து வரைபடம் எடுக்கட்டும், சுண்ணாம்பால் விரிசலை அடைக்கட்டும், கட்டியவர்கள் கைதிகள் என்று தமிழிலும் ஒரு பலகை வைக்கட்டும்.