உருளி அழகுதான்... உள்ளே என்ன?

எதையும் வீணாக்காமல் வீட்டை அலங்கரிப்பதில் எனக்கு ஆசை அதிகம். உடைந்த வளையலில் தோரணம், பழைய பட்டுப்புடவையில் திரைச்சீலை, ஹார்லிக்ஸ் பாட்டில் தண்ணீரில் மணிபிளான்ட், வாசலில் உருளி நிறையப் பூ. வருகிறவர்கள் 'அடடா!' என்றால் பெருமை தாங்காது.

போன மழைக்காலத்தில் மகனுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் பட்ட பாடு ஆண்டவனுக்குத்தான் தெரியும். வீடு வீடாகப் பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர் மணிபிளான்ட் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். உள்ளே புழுக்கள் நெளிந்தன! "டெங்கு கொசு சாக்கடையைத் தேடாதும்மா, இந்த மாதிரி நல்ல தண்ணியிலதான் முட்டை போடும்" என்றார். வெட்கமாகப் போய்விட்டது.

அதற்காக அலங்காரத்தை விட்டுவிடவில்லை. மணிபிளான்ட்டை மண்ணுக்கு மாற்றிவிட்டேன். உருளித் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டி, உட்புறத்தை நன்றாகத் தேய்க்கிறேன். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்குமாம்.

அலங்காரக் குறிப்பு எழுதும் தோழியர், எப்படிச் செய்வது என்பதோடு எப்படிச் சுத்தம் செய்வது என்றும் எழுத வேண்டும் என்பது என் கருத்து. விருந்தாளி பாராட்டுவது ஒரு நிமிஷம். அந்த வீட்டில் தூங்கி எழுவது நம் பிள்ளைகள்தானே?

- ஒரு வாசகி, திருநெல்வேலி.