குழந்தை வைத்தியரும் பரீட்சை முறையும்

எம்.பி.பி.எஸ். தேறிய ஒருவர் குழந்தை வைத்திய நிபுணராவதற்கு நம் நாட்டில் மேலும் மூன்று வருஷம் எம்.டி. படிக்க வேண்டும். அந்த மூன்று வருஷ உழைப்பை எப்படி எடைபோடுகிறார்கள்? பெரும்பாலும் கடைசியில் சில தாள்கள் எழுதச் செய்து, ஒன்றிரண்டு நோயாளிக் குழந்தைகளைக் காட்டி, வாய்க் கேள்வி கேட்டு முடிவு செய்கிறார்கள்.

ஒருவருக்குச் சுலபமாய் விளங்கும் நோயுள்ள குழந்தை கிடைக்கிறது. மற்றவருக்கு அழுகையை நிறுத்தாத, நோயும் விளங்காத குழந்தை கிடைக்கிறது. முன்னவர் தேறிப் பின்னவர் தவறினால் இது பரீட்சையா, சீட்டுக் குலுக்கலா? வாய்க் கேள்வியிலோ, முகத்தைப் பார்த்தும் ஊர் பேரைக் கேட்டும் மார்க்குப் போட இடமிருக்கிறது.

இக்குறையைப் போக்கவே 1975ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் என்பவர், மாணவர் எல்லோரும் ஒரே வேலைகளை வரிசையாகச் செய்து, ஒரே பட்டியல்படி மார்க்குப் பெறும் முறையை வெளியிட்டார். 2005ல் ஹாலந்துக்காரரான ஓலே டென் காட்டே என்பவர், ஒரு வேலையை ஒருவரிடம் நம்பி ஒப்படைக்கலாமா என்பதையே அளவுகோலாக்கினார். முதலில் பார்த்திருப்பது, பிறகு ஆசிரியர் பக்கத்தில் நிற்கச் செய்வது, பிறகு கூப்பிடு தூரத்தில் அவர் இருக்கச் செய்வது, பிறகு தனியே செய்வது, முடிவில் பிறருக்குக் கற்பிப்பது என்று படிகள் உண்டு. அமெரிக்கக் குழந்தை வைத்திய போர்டார் இவ்விதம் வேலைகளை வகுத்திருக்கின்றனர்.

“பழைய முறையில் படித்தவர்கள் நல்ல வைத்தியர்களாகவில்லையா?” என்று சிலர் கேட்கலாம். ஆனார்கள், அது அவர்களுடைய உழைப்பின் பெருமையேயன்றி முறையின் பெருமையாகாது. பிறந்தும் மூச்சு விடாத சிசுவுக்கு ஒரு நிமிஷத்திற்குள் காற்றூட்ட வேண்டும். குழந்தைக்கு மருந்து, எடையைக் கணக்கிட்டுக் கொடுப்பது; ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்காகிவிடும். வலிக்கிற இடத்தைச் சொல்லவும் சிசுவுக்கு வாயில்லை. இவ்வளவையும் செய்ய வேண்டிய கையைப் பலர், பல நாள், நேரில் பார்த்துச் சோதிக்க வேண்டாமா?

2019ல் எம்.பி.பி.எஸ். படிப்புக்குத் திறமையை அடிப்படையாகக் கொண்ட பாடத்திட்டம் நம் நாட்டில் வந்தது. நிபுணர் படிப்பிலும் இது ஏட்டளவில் நின்றுவிடக்கூடாது. மாணவர் வேலை செய்வதைப் பாராமலே பேராசிரியர் படிவத்தில் கையெழுத்திட்டால், பழைய சடங்கு போய்ப் புதிய சடங்கு வந்ததாகவே முடியும். ஆகவே சர்க்கார் போதிய ஆசிரியர்களை நியமித்து, பார்த்துச் சோதிக்க அவர்களுக்கு நேரமும் பயிற்சியும் கொடுக்க வேண்டும். கண்ட குறையை மாணவரிடம் அன்றன்றே சொல்ல வேண்டும். பட்டம் சுவரில் தொங்கும். குழந்தையைக் காப்பாற்றுவது கைத்திறமையேயாகும்.