மருந்துக்கும் தரகரா?

பிணியுற்றவனுக்கும் மருந்துக்கும் நடுவே மருத்துவன் நிற்கலாம், வணிகன் நிற்கலாமா? அமெரிக்க ஒன்றிய நாடுகளில் நிற்கின்றான். அவன் நிற்பதற்குச் சட்டமே இடங்கொடுத்தது.

அறுபத்தைந்து அகவை நிரம்பிய முதியோர்க்கென அந்நாட்டரசு 1965-இல் ஏற்படுத்தியது 'மெடிகேர்' என்னும் மருத்துவத் திட்டம். மருத்துவமனைச் செலவை ஏற்ற அத்திட்டம், முதியோர் வீட்டிலிருந்து உட்கொள்ளும் மருந்தின் செலவை நெடுங்காலம் ஏற்கவில்லை. அக்குறையைப் போக்க 2003-இல் சட்டமியற்றினர். 2006-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால், அரசு அப்பணியைத் தானே மேற்கொள்ளவில்லை. மக்கள் வரிப்பணத்தைத் தனியார் காப்பீட்டுக் குழுமங்களின் கையிற் கொடுத்து, அவற்றிடமே ஒப்படைத்தது. அதனினுங் கொடிது, மருந்தாக்குவோரிடம் அரசு விலைபேசுதல் கூடாதென்று அச்சட்டத்திலேயே எழுதிவைத்தமை! பணங்கொடுப்பவன் விலை பேசலாகாது என்னும் சந்தை வேறெங்கேனும் உண்டா?

காப்பீட்டாளர் பலர் போட்டியிட்டால் விலை தாழும் என்றனர். தொடக்க ஆண்டுகளில் செலவு முன்மதிப்பீட்டினுங் குறைந்தது உண்மையே. காப்புரிமை முடிந்த மலிவு மருந்துகள் பெருகியமை அதற்குப் பெருங்கரணியம். அந்நாட்டிலேயே முன்னாட் படைமறவர் நலத்துறை தானே விலைபேசி மருந்து வாங்குகின்றது. 2017-ஆம் ஆண்டு விலைகளை ஒப்பிட்ட அரசின் பொறுப்பாய்வு அலுவலகம், ஆய்ந்த மருந்துகளுக்கு அத்துறை மெடிகேரினும் நிரவலாக 54 விழுக்காடு குறைவாகவே கொடுத்ததெனக் கண்டது. இதற்குமேற் சான்று வேண்டுமோ?

காப்பீட்டாளர்க்கும் மருந்தாக்குவோர்க்கும் இடையில் 'மருந்துநல மேலாளர்' என்னும் தரகர் வேறு. எம்மருந்து பட்டியலில் இடம்பெறும், எதற்கு முன்னிசைவு பெறவேண்டும் என்று வரையறுப்போர் இவரே. மருந்தாக்குவோர் விலையை உயர்த்திக் குறித்துப் பின்னர்த் தள்ளுபடி தருவர். தள்ளுபடி காப்பீட்டாளர்க்கும் தரகர்க்கும் போகும்; நோயாளியோ உயர்த்திக் குறித்த விலையை வைத்தே தன் பங்கைச் செலுத்த நேர்கின்றது. நோய் ஒருவனுக்கு, ஊதியம் மற்றொருவனுக்கு!

2022-இல் அந்நாட்டார் ஓரளவு கண்விழித்தனர். புதிய சட்டத்தால், குறித்த சில மருந்துகளுக்கு விலைபேசும் உரிமையை அரசு பெற்றது. முதற் பத்து மருந்துகளின் பேசிய விலை 2026-இன் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. நீரிழிவுக்குரிய இன்சுலினுக்கு, 2023 முதல், முதியோர் செலுத்துவது திங்களுக்கு 35 தாலருக்கு மேற்படலாகாது என்றும் வரம்பு கட்டினர். எனினும் வழங்கும் பொறுப்பு இன்றும் தனியாரிடமே உள்ளது.

பொதுப்பணத்தைச் செலவிடும் அரசு விலைபேசும் உரிமையைத் தானே துறக்குமாயின், அது மக்களைக் காக்கும் அரசன்று. வணிகர்க்கு வரிதண்டிக் கொடுக்கும் கணக்கனேயாம். இருபதாண்டு காலம் முதியோர் கொடுத்த விலையில் அமெரிக்கா கற்ற பாடம் இது. பிறர் அவ்விலையைக் கொடாமலே கற்கலாம்.