ஐந்தடி தள்ளி நில்லுங்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் படம் மாட்டியிருக்கிறது. மும்பையில் நாங்கள் இருந்த ஒற்றை அறையில், 35 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு, அவர் முகத்துக்கு இரண்டடி தூரத்தில் நின்று நான் எடுத்தது. மூக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். காதுகள் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருக்கும். பிரிண்டைப் பார்த்துவிட்டு, "பெரியப்பா ஜாடை அடிக்குதே, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். அடுத்த தடவை வாய்க்கவில்லை.

நாக்பூரிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கு நான் இவ்வளவு அவசரப்படுவது அதனால்தான். அவருடைய அம்மாவுக்கு 80 வயது நிறையப் போகிறது. ஃபுல் ஃப்ரேம் காமிரா இருக்கிறது, 24 மெகாபிக்ஸல். ஜூம் வேண்டாம், நல்ல ப்ரைம் லென்ஸாக ஒன்றே ஒன்று வாங்கலாம் என்று உத்தேசம். 50-ஆ, 85-ஆ, 135-ஆ? ஹால் 10-க்கு 12 அடி என்று அளவையும் எழுதியிருக்கிறார். புத்திசாலி. பலர் லென்ஸைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கேட்பார்கள், அறையைப் பற்றி மூச்சுவிட மாட்டார்கள்.

முகம் எப்படி விழுகிறது என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம். அங்கிருந்து தெரிவதில் எவ்வளவு பகுதியைச் சட்டத்துக்குள் எடுப்பது என்பதுதான் லென்ஸின் வேலை. மூக்கு நுனியிலிருந்து காது வரை சுமார் ஐந்து அங்குலம். இரண்டடியில் நின்றால் மூக்குக்கு, காதை ஒப்பிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் உருவம் கிடைத்துவிடுகிறது. ஐந்தடிக்குப் போனால் இது 8 சதவீதமாகக் குறையும். எட்டடியில் 5 சதவீதம். 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் ஒரு கணக்குப் போட்டார்கள். ஐந்தடியில் எடுத்த படத்தைவிட, ஓரடியில் எடுத்த செல்ஃபியில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறதாம். மொபைலில் உள்ள 'போர்ட்ரெய்ட்' வசதி பின்னணியை மங்கலாக்கும். மூக்கை ஒன்றும் செய்யாது.

தலையும் தோளும் சட்டம் நிறைய வேண்டுமென்றால் 50-க்கு மூன்றடி, 85-க்கு ஐந்தடி, 135-க்கு எட்டடி தள்ளி நிற்க வேண்டும். 85 'போர்ட்ரெய்ட் லென்ஸ்' என்று பேர் வாங்கியதன் ரகசியம் இந்த ஐந்தடிதான். பிரிட்டனின் ஜேன் பௌன், ஒலிம்பஸ் காமிராவும் 85-ம் வைத்துக்கொண்டே பத்திரிகைக்கு முகம் முகமாக எடுத்துத் தள்ளினார். 1984-ல் பெஷாவர் அருகே அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக் கண் ஆப்கானியச் சிறுமியின் படம், நிக்கானின் 105 மி.மீ. லென்ஸில் வந்தது. மறுபக்கம், 1950-ல் திருவண்ணாமலையில் ரமணரைப் படமெடுத்த கார்த்தியே-ப்ரெஸ்ஸான் பெரும்பாலும் 50-ஐ விட்டு நகராதவர். முகத்தோடு, ஆள் இருக்கும் இடமும் அவருக்கு வேண்டியிருந்தது.

நாக்பூர் ஹாலுக்கு 135 வேண்டாம். எட்டடி, அம்மாவுக்கும் சுவருக்கும் நடுவே மூன்றடி, நீங்கள் நிற்க ஓரடி என்று 12 அடியும் தீர்ந்துவிடும். தவிர, அந்த வயதில் காது மந்தமாக இருந்தால் எட்டடியிலிருந்து கத்த வேண்டும். கத்தினால் முகம் இறுகும்.

85 தாராளமாகப் பொருந்தும். ஆனால் ஹாலில் அதை மாட்டினால் முகம்தான். முழு உருவத்துக்குப் பதினாறடி கேட்கும். நான் 50-ஐத்தான் சொல்வேன், விலையும் குறைவு. ஒரே ஒரு நிபந்தனை: அதை மாட்டியதும் கால் தானாக முன்னே போகும், விடாதீர்கள். தரையில் ஐந்தடியில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து அதற்குப் பின்னாலேயே நில்லுங்கள். இடுப்பு வரை விழும். புடவைத் தலைப்பு, மடியில் கோத்த கைகள் எல்லாம் வரும். முகம் மட்டும் வேண்டுமானால் பிறகு வெட்டிக்கொள்ளலாம். 85-ல் எடுத்த அதே முகம்தான், எட்டு மெகாபிக்ஸல் மிஞ்சும்; 8-க்கு 12 அங்குல பிரிண்டுக்குப் போதும். 85-ல் எடுத்துவிட்டால் விட்டுப்போன கைகளைச் சேர்க்க வழியில்லை. (சின்ன சென்ஸர் காமிரா வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம். அதில் 50 மாட்டினால் ஏறக்குறைய 75, 80 மாதிரிதான் வேலை செய்யும்.)

1.8 இருக்கிறதே என்று அபெர்ச்சரை முழுக்கத் திறந்துவிடாதீர்கள். 85-ல், ஐந்தடியில், ஒன்றேகால் அங்குல ஆழம்தான் கூர்மையாக விழும்; கண் தெளிந்தால் காதுத் தோடு மங்கும். அம்மாவின் தோடு மங்கலாமா? எஃப் 4 வையுங்கள்.

நாற்காலியை ஜன்னல் ஓரமாகப் போட்டு, சுவரிலிருந்து மூன்றடி முன்னே இழுத்துவிடுங்கள். டியூப்லைட்டை அணையுங்கள். நாக்பூருக்கு வந்த புதிதில் எந்த வீட்டில் இருந்தீர்கள் என்று கேளுங்கள். அவர் பேச ஆரம்பித்த பிறகு பட்டனை அழுத்துங்கள். விசேஷத்தன்று வீடு நிறைய ஆள் இருக்கும், எடுக்க முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவிடுங்கள்.